அறுப்புப் பணம் வந்தாச்சு: எந்தக் கடனை முதலில் அடைப்பது?

ஒரத்தநாட்டுக்காரி
எல்லோருக்கும் வணக்கம். சம்பா அறுத்து, நேரடி கொள்முதல் நிலையத்தில் 150 சிப்பம் (நாற்பது கிலோ மூட்டை) போட்டோம். சன்ன ரகம், குவிண்டால் 2,545 ரூபாய். 1,52,700 ரூபாய் வீட்டுக்காரர் கணக்கில் ஏறிவிட்டது. நிலம் ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்), சொந்தம். வீட்டில் நாங்கள் இருவர், மாமியார், பிளஸ் டூ படிக்கிற மகள், ஏழாவது படிக்கிற மகன். நான் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன், மாதம் 11,000.

இப்போது கடன். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 90,000. வங்கியில் ஆறு பவுனை வைத்து 1,80,000, வருடத்துக்கு 9 சதவீதம். அடகுக்கடையில் மாமியாரின் இரண்டு பவுன் சங்கிலி, 60,000, ரெண்டு வட்டி. ஊரில் ஒருவரிடம் புரோ நோட்டு எழுதி ஒரு லட்சம், மூணு வட்டி. என் பெயரில் குழுக் கடன், இன்னும் 38,000 பாக்கி, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை 1,250 கட்டுகிறேன். சேமிப்பு என்று எதுவும் இல்லை.

வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மாமியார், முதலில் சங்கிலியைத் திருப்பு என்கிறார். நான் மூணு வட்டியை முடிக்கலாம் என்கிறேன். வீட்டுக்காரர், சங்கக் கடனைக் கட்டவே வேண்டாம், தேர்தல் வருடம், எப்படியும் தள்ளுபடி வரும், அந்தத் தொண்ணூறையும் சேர்த்து மற்றதை அடைக்கலாம் என்கிறார். பேசப் பேசச் சண்டைதான் வருகிறது. கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை
எட்டுப் பவுன் வைத்துக்கொண்டு எதற்கு இத்தனை அவஸ்தை? பாதியை விற்றால் எல்லாக் கடனும் போச்சு. பவுன் இன்றைக்கு விற்கிற விலைக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கும்பகோணம்_சுந்தரி
மகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? இன்றைக்கு விற்றுவிட்டு நாளைக்கு எந்த விலைக்கு வாங்குவார்? விற்கச் சொல்வது சுலபம்.

வெண்ணாற்றங்கரை
சுந்தரி அக்கா, நகை அவர் கழுத்தில் இல்லையே. வங்கி லாக்கரிலும் சேட்டுக் கடைப் பெட்டியிலும் இருக்கிறது. வருடா வருடம் வட்டி கட்டி அதை "வைத்திருப்பதாக" நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஓய்வு_செயலர்
தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். நகையைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். தள்ளுபடி விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சை ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டவன்.

அம்மா, பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. குறித்த தேதிக்குள் கட்டினால் அந்த வட்டியை அரசே ஏற்றுக்கொள்கிறது, நீங்கள் அசல் மட்டும் கட்டினால் போதும். உங்கள் பட்டியலிலேயே வட்டியில்லாத கடன் இது ஒன்றுதான். தேதி தாண்டினால் சலுகை போகும், தவணை தவறியவர் பட்டியலில் பெயர் ஏறும், அடுத்த குறுவைக்குக் கடன் கிடைக்காது. அப்போது உழவுக்கும் விதைக்கும் யாரிடம் போவீர்கள்? அதே மூணு வட்டிக்காரரிடம்தான்.

தள்ளுபடி வந்தது உண்மை. 2016இலும் வந்தது. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய்க்கு அறிவித்தார்கள், சுமார் 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. ஆனால் அந்த வருடம் ஜனவரி 31 அன்று யாருக்கெல்லாம் நிலுவை இருந்ததோ அவர்களுக்குத்தான் கிடைத்தது. ஒழுங்காகக் கட்டிப் புதுக்கடன் வாங்கி வைத்திருந்தவருக்கும் அன்றைக்கு நிலுவை இருந்தது, அவருக்கும் தள்ளுபடி வந்தது. கட்டாமல் உட்கார்ந்திருந்தால்தான் கிடைக்கும் என்பது திண்ணைப் பேச்சு. அடுத்து நகைக்கடன் தள்ளுபடி ஐந்து பவுன் வரை என்று வந்தபோது, எத்தனையோ நிபந்தனை போட்டு நிறையப் பேரைக் கழித்தார்கள். வரும் என்று நம்பி வட்டியை ஏறவிட்டவர்கள் எங்கள் சங்க வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

90,000ஐ முதலில் கட்டிவிடுங்கள். கையில் 62,700 மீதி. அதற்கு மேல்தான் யோசனை.

டெல்டாக்காரன்
கடனே வாங்காமல் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில்...

கணக்கப்பிள்ளை
தாத்தா காலத்தில் ஒத்தி வைக்காத நிலம் எத்தனை மா இருந்தது என்று பத்திரத்தை எடுத்துப் பார்க்கவும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

சகோதரி எழுதிய கணக்கை வருட வட்டியாக மாற்றிப் பார்த்தேன். மூணு வட்டி ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, வருடம் 36,000. அடகுக்கடைக்கு மாதம் 1,200, வருடம் 14,400. வங்கிக்கு 16,200. மூன்றும் சேர்ந்து 66,600. அசலில் ஒரு பைசா குறையாமல் வருடம் 66,600 வட்டியாகவே போகிறது. உங்கள் ஒரு போகத்தில் செலவு போக நின்றதே 62,700தான். ஒரு போகம் முழுவதும் வட்டிக்காக விளைகிறது!

விற்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த ஆறு பவுனுக்கு 1,80,000 வாங்கியது பவுன் விலை குறைவாக இருந்தபோது. இன்றைய விலைக்கு அதே நகைமேல் இன்னும் ஒரு லட்சம் தாராளமாகக் கிடைக்கும். வட்டியைக் கட்டி, கடனைப் புதுப்பித்து, ஒரு லட்சம் சேர்த்து வாங்குங்கள். வாங்கிய கையோடு மூணு வட்டியை முடியுங்கள். 36 சதவீதக் கடன் 9 சதவீதக் கடனாகிறது. கையில் இருக்கிற 62,700இல் சங்கிலியைத் திருப்புங்கள். மாமியாரும் சமாதானம்.

வெண்ணாற்றங்கரை
வங்கிக் கடன் 1,80,000 இப்போது 2,80,000 ஆகிவிட்டது. இதற்குப் பெயர் கடனை அடைப்பதா? கடன் இடம் மாறியிருக்கிறது. ஆறு மாதத்தில் அதே மூணு வட்டிக்காரரிடம் மறுபடி போய் நிற்பார்கள். நம் ஊரில் பார்க்காததா?

கணக்கப்பிள்ளை
நியாயமான கேள்வி. வட்டி குறைந்ததும் மிச்சமாகிற பணத்தைச் செலவழித்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். அதனால் ஒரே ஒரு நிபந்தனை: இதுவரை வட்டிக்கென்று வருடம் 66,600 எப்படியோ புரட்டிக் கட்டினீர்களே, அதில் ஒரு ரூபாய் குறைக்காமல் தொடர்ந்து கட்ட வேண்டும். 2,80,000க்கு 9 சதவீதம் 25,200. மீதி 41,400 அசலில் போகும். மாதா மாதம் கட்டினால் வட்டி இன்னும் கொஞ்சம் குறையும். மூணு வட்டிக்காரருக்கு மாதம் கொடுத்த 3,000, அடகுக்கடைக்குக் கொடுத்த 1,200, இரண்டையும் சம்பளம் வந்த அன்றே நகைக்கடன் கணக்கில் போட்டுவிடுங்கள். நகைக்கடனில் வருடக் கடைசி வரை காத்திருக்கத் தேவையில்லை, நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். முகப்பில் கேட்டு ரசீது வாங்குங்கள்.

மொய்நோட்டு_பேராவூரணி
எல்லோரும் வட்டிக் கணக்கே பேசுகிறீர்கள். சகோதரி ஒரத்தநாட்டுப் பக்கம் என்கிறார், மொய் எங்கே?

எங்கள் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கமும் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி பிறந்தால் மொய்விருந்து, விருந்து போட்டு மொய் வாங்குவது. வட்டியில்லாத பெரிய பணம், இதை வைத்துத் தென்னந்தோப்பு வாங்கியவர்கள் உண்டு, பிள்ளையை வெளிநாடு அனுப்பியவர்கள் உண்டு. ஆனால் வாங்கியதைத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும், அதுவும் கொஞ்சம் கூட்டி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்தபோது, அடுத்த ஆடியில் பத்திரிகை வந்து விழுந்துகொண்டுதான் இருந்தது. மரம் விழுந்தது என்று மொய் செய்யாமல் இருக்க முடியுமா? நகையை வைத்து மொய் செய்தவர்கள் அதிகம்.

மொய் நோட்டை எடுத்து வையுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, அவர்கள் வீட்டில் விசேஷம் எந்த வருடம் வரும் என்று குறியுங்கள். வர வேண்டியதையும் எழுதுங்கள், ஆனால் அதை வரவாக எண்ணிச் செலவு செய்யாதீர்கள். கணக்கப்பிள்ளை சார் சொன்ன மாதம் 4,200 ஆடி மாதத்தில் எங்கே போகும் என்று அப்போது தெரியும்.

ஒரத்தநாட்டுக்காரி
அண்ணே, நீங்கள் சொன்ன பிறகுதான் நோட்டை எடுத்தோம். இந்த ஆடி, ஆவணியில் மட்டும் 24,000 செய்ய வேண்டியிருக்கிறது. நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேரும் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதினோம். மகள்தான் எழுதினாள். அப்போது வீட்டுக்காரர் மெதுவாக, உரக்கடையில் 15,000 பாக்கி என்றார். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

புதுஆற்றுப்பாசனம்
உரக்கடைப் பாக்கிக்கு வட்டி இல்லை என்று நினைக்காதீர்கள் அக்கா. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று மூட்டைமேலேயே அச்சடித்திருக்கிறது. கடனுக்கு எடுக்கிறவனுக்கு அந்த விலைக்கு எந்தக் கடையில் போடுகிறார்கள்? கூடவே ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டும் கட்டாயம் கையில் திணிப்பார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரும். பயிர்க்கடன் கொடுக்கும்போது ஒரு பகுதியைச் சங்கத்திலேயே உரமாகவும் தருவார்கள், அதை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். கடை பாக்கியையும் முடிக்கிற பட்டியலில் மேலே ஏற்றுங்கள். அடுத்த போகத்துக்குப் பேரம் பேச அதுதான் வழி.

கும்பகோணம்_சுந்தரி
குழுக் கடனைப் பற்றி யாருமே பேசவில்லையே. என் வீட்டில் மகளிர் சுய உதவிக் குழுவும் இருந்தது, வீடு தேடி வந்து கொடுத்த கம்பெனிக் கடனும் இருந்தது. இரண்டையும் "குழு" என்றே சொல்லிக்கொள்வோம். ஒன்றில் நம் சேமிப்பு இருக்கும், தீர்மான நோட்டு இருக்கும், வங்கி இணைப்பு இருக்கும். இன்னொன்றில் தவணை அட்டை மட்டும் இருக்கும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

கம்பெனிக் கடன் என்றால் ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி இருக்கிறது. வருட வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருகிற கடனுக்குப் பொருந்தும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. முன்கூட்டியே முடித்தால் அபராதம் வாங்கக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு வரக்கூடாது. எங்கள் தெருவுக்கு ஒருவர் ராத்திரி எட்டரைக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வார், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிப் பேசுவார். இந்த விதியைச் சொல்லி, மேலாளர் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டோம். மறுவாரத்திலிருந்து பகலில் வந்தார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: இந்தக் கடன் முடிந்த அன்றே "அடுத்த சுற்று எண்பதாயிரம் தரேன்" என்று வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிங்கைத்தம்பி
மன்னார்குடி, இப்போது சிங்கப்பூர். நான் மாதா மாதம் அனுப்பியதெல்லாம் அப்பா கணக்கில் விழுந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கைமாத்து போனது, ஊரில் "பையன் சிங்கப்பூர்" என்றால் இல்லை என்று சொல்ல முடியாது. அப்புறம் அம்மா பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, கடனுக்கும் சேமிப்புக்கும் உள்ளதை அதில் மட்டும் போட்டேன். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டையும் வாங்கவில்லை, போனில் பணம் அனுப்பும் வசதியும் வைக்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வங்கிக்குப் போக வேண்டும். பாதிச் செலவு அதிலேயே நின்றது.

அக்காவுக்கும் இது சரிவரும். உரிமைத்தொகை 1,000 வருகிற கணக்கு வேறு, சம்பளக் கணக்கு வேறு என்று இருந்தால் உரிமைத்தொகையைத் தொடாமல் விடலாம்.

ஓய்வு_செயலர்
தம்பி சொல்வது நல்ல யோசனை. சேமிப்பைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். கடன் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சேமிப்பு என்று இருந்தால் இந்த ஜில்லாவில் யாரும் சேமிக்க முடியாது. மாமியாருக்கு ஒரு காய்ச்சல், மாட்டுக்கு ஒரு நோய், ஐப்பசி மழையில் ஒரு வயல் மூழ்கினால் மறுபடி புரோ நோட்டுதான். அதற்குத் தடுப்பாகக் கொஞ்சம் பணம் கையில் இருக்க வேண்டும். பதினைந்தாயிரம் சேர்கிற வரை அதற்குத்தான் முதல் இடம்.

கணக்கப்பிள்ளை
ஐயா, 36 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அஞ்சலகத்தில் 6.7 சதவீதத்துக்குப் போடுவது ஓட்டைச் சாலில் இறைக்கிற மாதிரி.

ஓய்வு_செயலர்
36 சதவீதக் கடன் முடியாமல் நான் சொல்லவில்லை. அது முடிந்த பிறகு 9 சதவீதம்தானே இருக்கிறது? அந்த வித்தியாசத்தை மறுபடி மூணு வட்டிக்குப் போகாமல் இருப்பதற்கான செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு சரி, ஆனால் காகிதத்தில் காய்ச்சல் வராது.

அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் நூறு ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து வருடம். பன்னிரண்டு தவணை கட்டியதும், கணக்கு ஒரு வருடம் ஓடியிருந்தால், கட்டியதில் பாதி வரை அதன்மேலேயே கடன் எடுக்கலாம். அவசரப் பணத்தை இதில் போடாதீர்கள், அது சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். பையன் படிப்புக்குத் தொடர் வைப்பு. மகள் பத்து வயதைத் தாண்டியதால் செல்வமகள் திட்டத்துக்கு வழியில்லை. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கல்லூரி சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். கல்லூரியிலேயே விண்ணப்பிக்கலாம்.

சீட்டு சேர யாராவது கூப்பிட்டால், பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். 1982 சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்தவே கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதெல்லாம் பதிவு ஆகாது.

புதுஆற்றுப்பாசனம்
இன்னொன்று விட்டுப்போனது. வீட்டுக்காரர் பெயரில் வங்கியில் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் போட்டிருக்கிறாரா? இரண்டுக்கும் தலா இரண்டு லட்சம். வயதுக்கு உட்பட்டவர்தான் என்று நினைக்கிறேன், ஆயுள் காப்பீட்டில் ஐம்பதுக்குள் சேர வேண்டும். இத்தனை கடனோடு மோட்டார் கொட்டகையில் ராத்திரி சுவிட்சு போடப் போகிறவருக்கு இது கட்டாயம்.

ஒரத்தநாட்டுக்காரி
எல்லோருக்கும் நன்றி. செய்தது இதுவரை: சங்கத்தில் 90,000 கட்டியாச்சு. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் செயலர் ஐயா எழுதியதை மகள் வாசித்துக் காட்டியதும் சரி என்றுவிட்டார். வங்கியில் வட்டி கட்டி நகைக்கடனைப் புதுப்பித்து ஒரு லட்சம் கூடுதலாக வாங்கியாச்சு. வட்டிக்கு 16,200 போக மீதியில் உரக்கடை 15,000 முடிந்தது. கையில் 31,500 இருக்கிறது. சங்கிலிக்கு முழுதாகப் பற்றவில்லை. மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது?

கும்பகோணம்_சுந்தரி
நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். மாதம் 1,200 வட்டி போகிற இடத்தில் அசலில் பாதி கட்டினால் 600 ஆகிறது என்று அவருக்குப் புரியும். அந்தக் காலத்து மனுஷிகளுக்கு வட்டிக் கணக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். முப்பதாயிரத்தை இப்போது கட்டி, ரசீதில் புதிய அசலை எழுதி வாங்குங்கள். எடை, கல் எடை, மாற்று மூன்றும் பழைய ரசீதில் இருந்த மாதிரியே புதியதிலும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்க்க வேண்டும். மீதி முப்பதைக் குறுவை அறுப்பில் முடிக்கலாம், ஜூன் 12 மேட்டூர் திறந்தால்.

வெண்ணாற்றங்கரை
வங்கி நகையையும் சொல்லிவிடுகிறேன், நான் எதிர்க்கட்சிதான் என்றாலும். ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி, கடனை முழுதாக அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் அவர்கள் கொடுக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. உங்களுக்கு அந்த நாள் சீக்கிரம் வரட்டும்.

கணக்கப்பிள்ளை
மூணு வட்டிக்காரரிடம் ஒரு லட்சத்தைக் கொடுத்தாச்சா? கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். புரோ நோட்டைக் கையில் வாங்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்கக்கூடாது. வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் வாங்க வேண்டும். "அது எங்கேயோ இருக்கு, தேடித் தரேன், நான் என்ன ஏமாத்திடுவேனா" என்பார். தேடி எடுத்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். முடிந்தால் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் இரண்டு சாட்சியோடு, பெற்றுக்கொண்டேன் என்று நோட்டின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.

ஒரத்தநாட்டுக்காரி
சார், இன்றைக்குக் காலையில்தான் போனோம். நீங்கள் எழுதியதை வார்த்தை மாறாமல் சொன்னார்! அவர் வீட்டம்மா திருவாரூருக்குப் போயிருக்கிறாராம், பீரோ சாவி அவரிடம் இருக்கிறதாம், வியாழக்கிழமை வாருங்கள், பணத்தை மட்டும் இப்போது வைத்துவிட்டுப் போங்கள் என்றார். பையை வீட்டுக்காரர் அவரிடம் நீட்டப் போனார். மாமியார் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பணத்தையும் வியாழக்கிழமையே கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.